அலங்காரப் புற ஊதா விளக்கும் கண்ணின் க்ஷேமமும்

கலியாண வரவேற்பு மேடையிலோ பள்ளி ஆண்டு விழா நடனத்திலோ மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஓரத்தில் கருநீலமாக மங்கி எரியும் குழாய்களை மாத்திரம் விட்டுவைக்கும்போது, மணமகனுடைய வெள்ளை வேட்டி நிலவைப் போலப் பிரகாசிப்பதையும், சிரிப்பவர்களுடைய பற்கள் இருட்டில் தனியே மிதப்பதையும், ஆடுகிற குழந்தைகளின் வெள்ளைக் கையுறைகள் உடலின்றித் தாமே ஆடுவதையும் கண்டு வியக்காதவர் அரியர். வியப்பு அடங்கிய பின்பு, வீட்டுப் பெரியவர்களில் யாராவது ஒருவர், "இந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகுமா?" என்று கேட்பது உண்டு. பந்தல்காரர், "ஒண்ணும் செய்யாதுங்க, வெறும் கலர் லைட்டுதான்" என்று சமாதானம் சொல்லுவார். படித்த உறவினர் ஒருவர், புற ஊதா என்றாலே கண் போய்விடும் என்று எச்சரிப்பார். இரண்டு விடைகளும் பிழையானவை. இரண்டும் வெளிச்சத்தின் பெயரைப் பற்றிப் பேசுகின்றனவேயன்றி, எதிரே எரிகின்ற விளக்கு எத்தகையது என்று விசாரிப்பதில்லை. புற ஊதா என்னும் ஒரே பெயரின் கீழ், மாலை முழுவதும் எரிந்தாலும் தீங்கு செய்யாத குழாயும் உண்டு, சில நிமிஷங்களில் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும் குழாயும் உண்டு; நீளமும் பருமனும் ஒன்றாக, ஒரே பிடிப்பானில் மாறி மாறிப் பொருந்தும்படியாகவே அவை இரண்டும் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றை இனம் பிரித்து அறியும் வழியை விளக்குவதற்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

1801ஆம் ஆண்டில், ஜெர்மனியிலுள்ள ஜெனா நகரில், யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் என்ற இளம் விஞ்ஞானி, சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியாகச் செலுத்தி நிறங்களாகப் பிரித்து, வெள்ளிக் குளோரைடு தடவிய காகிதத்தை ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தார். ஊதா நிறம் முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத வெற்றிடம் என்று தோன்றிய பகுதியில் அந்தக் காகிதம் எல்லாவற்றையும்விட விரைவாகக் கறுத்தது. கண் காணாததைக் காகிதம் கண்டது என்று சொல்லலாம். அந்தப் பகுதியை இன்று மூன்று கூறாகப் பிரித்து, ஆங்கில அகரவரிசையின் முதல் மூன்று எழுத்துகளால் குறிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஊதாவை அடுத்து, 400 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளது 'ஏ'. 315 முதல் 280 வரை 'பி'. 280க்குக் கீழே 100 வரை 'சி'. அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் சக்தி மிகுகிறது. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆற்றலும் மிகுகிறது. சூரியனிலிருந்து வரும் 'சி' கிரணங்களை வானத்தின் ஓசோன் படலம் முற்றிலும் தடுத்துவிடுவதால், மனித நேத்திரம் அவற்றை இயற்கையில் சந்தித்ததே இல்லை. நாமே விளக்குச் செய்து வரவழைத்தால்தான் அவை வீட்டுக்குள் வரும்.

கண்ணுக்குள் இந்த மூன்றும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 'சி' கிரணங்களும் 'பி' கிரணங்களில் பெரும்பகுதியும் கண்ணின் முன்வாசலான கருவிழிப் படலத்திலேயே உறிஞ்சப்படுகின்றன. ஆகையால் அவை செய்யும் தீங்கும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கிறது. 'ஏ' கிரணங்கள் அந்தப் படலத்தைக் கடந்து, அதன் பின்னே உள்ள கண்வில்லையை அடைந்து, அங்கே தடுக்கப்படுகின்றன. வயது வந்தவர்களிடம் அவற்றில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் விழித்திரைக்குப் போய்ச் சேருவதில்லை. குழந்தைகளின் வில்லை தெளிந்த நீரைப் போன்றதாதலால், அவர்களிடம் அதைவிடக் கூடுதலாகவே உள்ளே செல்லும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் விதிகளுக்கெல்லாம் காரணம் தானே விளங்கும்.

அலங்காரத்துக்கு உரியது 'ஏ' வகை மாத்திரமே. கருவிளக்கு என்றும், தொழில்செய்பவர் வாயில் பிளாக் லைட் என்றும் வழங்குகிற குழாயின் உள்ளே, சாதாரண டியூப் லைட்டில் இருப்பது போலவே சிறிதளவு பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'சி' கிரணத்தைப் பிறப்பிக்கிறது. குழாயின் உட்புறம் பூசியுள்ள பொடி அதை உறிஞ்சிக்கொண்டு, 350 முதல் 370 வரையிலான சாதுவான 'ஏ' கிரணமாக மாற்றி வெளியிடுகிறது. நிக்கல் ஆக்ஸைடு கலந்த கரிய ஊதாக் கண்ணாடி, கூடவே பிறக்கும் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத கிரணத்தை மட்டும் வெளியே அனுப்புகிறது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வில்லியம்ஸ் வுட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த கண்ணாடி அது. தலையில் வரும் படர்தாமரையையும் தோலில் வரும் வெண்படையையும் ஆராய்வதற்குச் சர்ம வைத்தியர்கள் இன்றும் அவர் பெயரால் வழங்கும் விளக்கையே உபயோகிக்கிறார்கள். ஒரு வஸ்து கண்ணுக்குத் தெரியாத கிரணத்தை வாங்கித் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும் தன்மைக்கு, 1852இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், கொயினா மருந்தின் கரைசலை ஆராய்ந்து ஒரு பெயர் சூட்டினார். நாம் அதை ஒளிர்தல் என்கிறோம். சலவைத்தூளில் கலந்துள்ள வெண்மையூட்டி துணியில் தங்கி ஒளிர்வதால்தான் வேட்டி நிலவாகிறது. கோடி வேட்டியைவிட நாலைந்து முறை சலவை கண்ட வேட்டி சில சமயம் அதிகமாகப் பிரகாசிப்பதன் காரணமும் அதுவே.

இனி, இந்த விளக்கின் முன் கண் ஏன் ஏமாறுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நண்பகல் வெயிலில் நிற்கும்போது நாம் சொல்லாமலே கண் தன்னைக் காத்துக்கொள்ளுகிறது: பாவை சுருங்குகிறது, இமை இடுங்குகிறது, புருவம் குடை பிடிக்கிறது, தலை தாழ்கிறது. இத்தனையும் நிகழ்வது வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்வதால். கருவிளக்கோ கண்ணுக்கு இருட்டாகத் தோன்றுகிறது. ஆகவே பாவை அகல விரிந்து, இமை நன்றாகத் திறந்து, காவல்காரன் இல்லாத வாசலைப் போலக் கண் இருக்கிறது. ஒரு பொருளை எது காட்டித் தருகிறதோ அதுவே கண்ணைக் கூசச் செய்து காப்பாற்றுகிறது என்பது சாதாரண ஒளியின் நியதி. புற ஊதாவில் அந்த நியதி இல்லை. இவ்விஷயத்தில் கண்ணையே சாட்சியாக அழைத்து, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று தீர்ப்புச் சொல்லுவது தகாது.

கருவிளக்கை நேரே நோக்குவோர் பலர், பார்வையில் நீலப்புகை படர்ந்தது போல ஒரு மங்கல் தோன்றுவதாகச் சொல்லுவார்கள். அது பிரமையன்று. வேட்டி ஒளிர்வது போலவே நம்முடைய கண்வில்லையும் அந்தக் கிரணம் பட்டதும் தானே மெல்ல ஒளிர்கிறது. அந்த ஒளியே புகைபோல எங்கும் நிறைந்து தெரிகிறது. இது ஒரு வியாதியுமன்று. விளக்கைவிட்டு முகத்தைத் திருப்பினால் மறைந்துவிடும். ஆயினும், விளக்கு கண்ணுக்குள் நேராகப் பாய்கிறது, அதன் இடத்தை மாற்றவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி வேறில்லை. இதனோடு, ஊதா நிறத்தைக் கண்வில்லை விழித்திரையின்மேல் கூர்மையாகக் குவிக்க இயலாததால் விளிம்புகள் கலங்கித் தெரிவதும் சேர்ந்து, சிலருக்குத் தலைவலியை உண்டாக்கும். படிக்கட்டு உள்ள இடத்தில் இந்த வெளிச்சத்தை மட்டும் நம்பி ஆட்களை ஏறி இறங்கவிடுவது, கண்ணுக்கு அல்லவாயினும் காலுக்கு அபாயம்.

தீங்கின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லவேண்டுமானால், அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2004இல் வகுத்த வரம்பை ஆதாரமாகக் கொள்ளலாம். 'ஏ' கிரணம் ஒரு நாளில், அதாவது எட்டு மணி நேரத்தில், பாதுகாப்பற்ற கண்ணின்மேல் சதுர மீட்டருக்கு 10,000 ஜூலுக்கு மேல் விழலாகாது என்பது அந்த வரம்பு. இரண்டடி நீளமுள்ள 18 வாட் கருவிளக்குக் குழாய் ஒன்று, ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவர்மீது வீசுவது சதுர மீட்டருக்கு ஒரு வாட்டுக்கும் குறைவு. ஒரு வாட் என்றே வைத்துக்கொண்டாலும், வரம்பை எட்ட 10,000 விநாடி, அஃதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதன் முன்னே நின்றுகொண்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவர்களுக்கு ஓர் இரவு முழுவதும் போதாது. தெளிந்த வானமுள்ள நண்பகலில் வெப்ப நாடுகளின் தரையில் விழும் 'ஏ' கிரணம் சதுர மீட்டருக்கு 50, 60 வாட் அளவுக்கு வருவதை நோக்கினால், முறையாகச் செய்து முறையாகப் பொருத்திய கருவிளக்கு கண்ணைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை என்பது புலனாகும். ஆனால் அதே குழாயின் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு முகச்சாயம் பூசிக்கொள்ளுகிற நடனக் குழந்தைக்கு, ஒரு மணி நேரத்துக்குள் அந்த வரம்பு நிறைந்துவிடும். தூரம் என்பது இங்கே பெரிய மருந்து. மேடையில் எரியும் விளக்கை ஒப்பனை அறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு இருபுறமும் மாட்டுவதை நான் சிறிதும் ஒப்பமாட்டேன்.

இப்பொழுது, இந்த அத்தியாயத்தில் மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன குழாயிலிருந்து உள்ளே பூசிய பொடியையும் கரிய கண்ணாடியையும் நீக்கிவிட்டு, 254 நானோமீட்டர் கிரணத்தைத் தடுக்காத குவார்ட்ஸ் அல்லது விசேஷக் கண்ணாடியால் குழாயைச் செய்தால், அது கிருமிகளைக் கொல்லும் விளக்காகிவிடுகிறது. அறுவைச் சிகிச்சை அறைகளிலும், ஆய்வுக்கூடங்களிலும், குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களின் உருக்குக் கூட்டுக்குள்ளும் மனிதர் கண் படாமல் எரியவேண்டிய விளக்கு அது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கிரணத்தை முழுதும் நிறுத்திவிடும். ஆனால் அதைச் சூழ்ந்து கண்ணாடியோ உருக்கோ இல்லாமல் வெட்டவெளியில் எரியவிட்டால், 30 வாட் குழாய் ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட் வீசுகிறது. கருவிளக்கும் அதே அளவுதானே என்று வாசகர் கேட்கலாம். அளவு ஒன்றே; வரம்பு வேறு. 254 நானோமீட்டருக்கு அதே ஆணையம் வகுத்த வரம்பு நாளொன்றுக்கு 60 ஜூல் மாத்திரம். ஒரு நிமிஷத்தில் அது தீர்ந்துவிடுகிறது.

இந்தக் குழாயும் எரியும்போது அழகான இளநீல ஒளியை வீசுகிறது. சாயங்களையும் வெள்ளைத் துணிகளையும் இதுவும் ஒளிரச் செய்கிறது. கடையில் இரண்டையுமே யூவி டியூப் என்ற ஒரே பெயரால் கேட்கிறார்கள், ஒரே பெயரால் கொடுக்கிறார்கள். 2020இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் கிருமி ஒழிக்கும் குழாய்கள் கடைதோறும் வந்து நிறைந்தமையால், இவ்விரண்டும் கலந்துபோகும் வாய்ப்பு முன்னைவிட அதிகமாகிவிட்டது. ஹாங்காங் நகரில் 2017இல் நடந்த ஒரு விருந்தில், அலங்காரத்துக்காக மாட்டிய குழாய்கள் கிருமி ஒழிக்கும் குழாய்களாக இருந்துவிட்டன; வந்திருந்தவர்கள் மறுநாள் கண் எரிச்சலோடும் வெந்த தோலோடும் வைத்தியரை நாடினார்கள். 2023 நவம்பரில், அதே நகரில், கப்பல் துறைமுகக் கட்டடத்தில் நடந்த மற்றொரு கேளிக்கை விழாவுக்குப் பின்னும் அத்தகைய முறையீடுகள் எழுந்தன; ஒரு மூலையில் நிறுவியிருந்த புற ஊதா விளக்குகளே காரணமாக இருக்கக்கூடும் என்று விழாவை நடத்தியவர்கள் விசாரணைக்குப் பின் அறிவித்தார்கள். இரண்டாவது விழாவில் குறிப்பிடப்பட்டது 'ஏ' வகையே. ஆகவே அந்த வகை என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி, எத்தனை விளக்கு, எவ்வளவு நெருக்கம் என்று பாராமல் இருந்துவிடுவதும் சரியன்று. இத்தகைய விளக்கின் முன்னே நிற்கும்போது பொதுவாக வலி தெரிவதில்லை. கிரணம் பட்ட பின்பு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழிந்தே வேதனை தொடங்குவது இந்த நோயின் இயல்பு. வீடு சென்று உறங்கியவர் பின்னிரவில் கண்ணைத் திறக்கமாட்டாமல் விழிக்கிறார். அதற்குள் விளக்குகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆகவே குழாயை எரியவிட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அணைந்த நிலையில், கையில் வைத்துக்கொண்டு பரீட்சிக்க வேண்டும். கருவிளக்குக் குழாய் அணைந்திருக்கும்போது நாகப்பழம் போலக் கருநிறமாக இருக்கும். உள்ளே ஒன்றும் தெரியாது. கிருமி ஒழிக்கும் குழாய் தெளிந்த கண்ணாடியாக இருக்கும். இரு முனையிலும் உள்ள கம்பிச் சுருளும், சில சமயம் பாதரசத் துளியும்கூடக் கண்ணுக்குத் தெரியும். தெளிந்த கண்ணாடிக் குழாயை எந்த அலங்காரத்துக்கும் ஏற்காதீர்கள். அதன்மேல் ஊதா நிறக் காகிதத்தைச் சுற்றித் தருகிறேன் என்று சொன்னாலும் ஏற்காதீர்கள். மிட்டாய்க் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஈக்களைக் கவர்வதற்காக மாட்டும் குழாய் வெண்பால் நிறமாக இருக்கும். அதுவும் 'ஏ' வகைதான், எனினும் அலங்காரத்துக்குப் பயன்படாது. நிறத்தோடு எழுத்தையும் பாருங்கள். குழாயின் முனையில் அச்சிட்டிருக்கும் குறியில் 'பி.எல்.பி.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது கருவிளக்கு. 'டி.யூ.வி.' என்றோ, 'யூ.வி.சி.' என்றோ, 254 என்ற எண்ணோ இருந்தால், அல்லது குறியின் முதலெழுத்தே 'ஜி'யாக இருந்து அதையடுத்து 15, 30 என்று வாட் அளவு வந்தால், அது கிருமி ஒழிப்பதற்குரியது. இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிட வேண்டும்: 'ஜி 13' என்பது பிடிப்பானின் அளவைக் குறிப்பது, சாதாரண டியூப் லைட்டின் பெட்டியிலும் அது இருக்கும், அதைக் கண்டு கலவரம் அடைய வேண்டியதில்லை. குறியே அழிந்துபோன பழைய குழாயை, கருநிறமாக இருந்தாலொழிய, உபயோகிக்காமல் விட்டுவிடுவதே உத்தமம்.

மேடைகளில் முற்காலத்தில் பெரிய பாதரச ஆவி விளக்குகளுக்கு முன்னால் கரிய கண்ணாடித் தகட்டைப் பொருத்திப் பயன்படுத்தினார்கள். சில இடங்களில் அவை இன்னும் இருக்கின்றன. அவற்றில் உள்குமிழ், வெளிக்குமிழ் என இரண்டு உண்டு. வெளிக்குமிழ் உடைந்த பின்பும் உள்குமிழ் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது 'பி', 'சி' கிரணங்கள் தடையின்றி வெளிவரும். அமெரிக்காவில் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் பந்து பட்டு இப்படி உடைந்த விளக்குகளின் கீழே விளையாடியவர்களுக்குக் கண் புண்ணானமையால், வெளிக்குமிழ் உடைந்தால் தானே அணைந்துவிடும் விளக்குகளை அந்நாட்டு அரசாங்கம் தனியாக வகைப்படுத்திக் குறியிடச் செய்தது. கீறல் விழுந்த தகடு, விரிசல் கண்ட குமிழ் உள்ள விளக்கை ஒரு நிமிஷமும் எரியவிடலாகாது.

எல்.இ.டி. விளக்குகள் வந்த பின்பு பாதரசமும் 254ஆம் அலைநீளமும் இல்லாமலே அலங்காரம் செய்ய இயலுகிறது. யூவி என்று பெயரிட்டு விற்கும் மலிவான ஒளிப்பட்டைகளில் பெரும்பாலானவை 395 முதல் 405 நானோமீட்டர் வரையில் எரிபவை. பாதி புற ஊதா, பாதி கண்ணுக்குத் தெரியும் ஊதா. கண்ணுக்குப் பளிச்சென்று ஊதாவாகத் தெரிவதே அவற்றின் அடையாளம், ஓரளவுக்குக் காவலுங்கூட. வீட்டு அலங்காரத்துக்கு நான் பரிந்துரைப்பது இவற்றையே. 50 வாட், 100 வாட் என்று மேடைக்கு வரும் பெருவிளக்குகளோ பலமடங்கு வலியவை. பார்ப்பவர் தலைக்குமேல், குறைந்தது மூன்று மீட்டர் தூரத்தில் கட்டவேண்டும். நோட்டு பரிசோதிக்கவும், இரவில் தேளைக் கண்டுபிடிக்கவும் உதவுகிற 365 நானோமீட்டர் கைவிளக்கு இன்னும் ஜாக்கிரதைக்குரியது. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அந்தச் சிறு விளக்கு, தன் கிரணம் முழுவதையும் ஒரு குறுகிய கற்றையாகக் குவித்து வீசுகிறது. தேளின் உடல் அதில் பச்சையாக ஒளிர்வது அதிசயந்தான். அந்த அதிசயத்தைக் காட்டுவதற்காகக் குழந்தையின் கையில் அதைக் கொடுத்துவிடுவது மட்டும் கூடாது, ஏனெனில் குழந்தை முதலில் செய்வது தம்பியின் முகத்தில் அடித்துப் பார்ப்பதுதான்.

பொருத்தும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமர்ந்திருப்பவர் கண்ணிலும் நிற்பவர் கண்ணிலும் குழாயே நேராகப் படாதபடி, மரச்சட்டத்தின் பின்னாலோ மேடை விளிம்பின் கீழாலோ மறைத்து, ஒளிர வேண்டிய திரையையும் ஓவியத்தையும் நோக்கித் திருப்பிவிட வேண்டும். வெள்ளை வண்ணப்பூச்சில் கலந்துள்ள டைட்டானியம் ஆக்ஸைடு இந்தக் கிரணத்தைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவதால், வர்ணம் பூசிய சுவர் நமக்கு நண்பன். பளபளக்கும் அலுமினியத் தாளோ அதைக் கண்ணாடிபோலத் திருப்பி வீசும். ஜிகினாத் தாள் ஒட்டிய தோரணங்களுக்கு நடுவே கருவிளக்கைக் கட்டினால், மறைத்துவைத்த கிரணம் பத்து மூலையிலிருந்து திரும்பி வரும்.

சிலருக்குப் பொதுவான வரம்புகள் பொருந்தா. கைக்குழந்தைகளுடைய கண்வில்லையின் தெளிவைப் பற்றி முன்பே சொன்னேன். தொட்டிலுக்கு மேலே ஊதா விளக்கு மாட்டுவது வேண்டவே வேண்டாம். கண்புரைக்காக வில்லையை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒன்றும் வையாமல், தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி அணிந்து வாழும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். 'ஏ' கிரணத்தைத் தடுக்கும் கதவு அவர்களுக்கு இல்லை. விழித்திரை வரைக்கும் அது நேராகப் போகும். வில்லை இழந்த கண், மற்றவர்களுக்குத் தெரியாத புற ஊதாவின் அருகுப் பகுதியை வெளிறிய நீலமாகக் காணவும் செய்யும். 1949இல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி செயற்கை வில்லையை முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார்; ஆயினும் புற ஊதாவை உறிஞ்சும் சரக்கு அதில் சேர்வது 1980களில்தான் வழக்கமாயிற்று. மதுரையில் 1992 முதல் அவ்வில்லைகள் குறைந்த விலையில் செய்யப்பட்டு வருவதால், பிற்காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர்க்கு இந்தக் கவலை இல்லை. தம்முடைய வில்லை எத்தகையது என்று அறியாதவர் சிகிச்சைச் சீட்டைக் காட்டிக் கண் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளலாம்.

வெண்படைக்கும் காளாஞ்சகப்படைக்கும் சோரலென் என்னும் மருந்தை உட்கொண்டு, 'ஏ' கிரணத்தில் நின்று சிகிச்சை பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய சித்த வைத்தியத்தில் வெண்படைக்கு வழங்கும் கார்போகரிசியில் உள்ளதும் அந்த இனத்து வஸ்துவே. அது சரீரத்தில் இருக்கும்போது கண்வில்லையிலும் தங்கி, கிரணம் பட்டால் அங்கேயே பிணைந்துவிடக்கூடும். ஆதலால் மருந்து உண்டபின் ஒரு முழு நாள் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. அன்று மாலை கருவிளக்கு எரியும் விழாவுக்குப் போவதைத் தவிர்க்கவேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற வேறு சில மருந்துகளும் உடம்பை ஒளிக்கு மென்மையாக்குவன. மருந்துக் காகிதத்தில் வெயில் ஆகாது என்று எழுதியிருந்தால், அந்த எச்சரிக்கை இவ்விளக்குக்கும் சேரும்.

மேடைக்குப் பின்னால் மணிக்கணக்காக நிற்கும் ஒளியமைப்பாளருக்கும், கல்லாவில் நோட்டு பார்க்கும் விளக்கின் முன் நாளெல்லாம் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணாடி அவசியம். இருட்டுக் கண்ணாடி வேண்டாம்; அது பாவையை இன்னும் விரியச் செய்வதோடு கால் வைக்கும் இடத்தையும் மறைத்துவிடும். 400 நானோமீட்டர் வரைக்கும் தடுக்கும் என்று குறித்த, நிறமற்ற கண்ணாடியே தக்கது. பக்கவாட்டிலும் மறைப்புள்ள பாலிகார்பனேட் கண்ணாடி மேலும் நல்லது. வாங்கியதைச் சோதிப்பது எளிது: கருவிளக்கின் கீழ் ஒளிரும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, விளக்குக்கும் தாளுக்கும் நடுவே கண்ணாடியைப் பிடியுங்கள். அதன் நிழல் விழுந்த இடத்தில் தாளின் ஒளிர்வு அவிந்து இருண்டால் கண்ணாடி மெய்யானது. அங்கும் அப்படியே ஒளிர்ந்தால், விலை எதுவாயினும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இத்தகைய விளக்கால் பிற்காலத்தில் கண்புரை வருமோ என்ற அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. 1988இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக, அமெரிக்காவின் செஸபீக் விரிகுடாவில் தொழில் செய்யும் 838 படகோட்டிகளை ஹியூ டெய்லர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். வாழ்நாளில் மிகுதியாக 'பி' கிரணம் பட்டவர்களுக்கு ஒருவகைக் கண்புரை அதிகமாக இருந்ததைக் கண்ட அவர்கள், 'ஏ' கிரணத்தோடு கண்புரைக்கு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. கண்புரைக்கு அஞ்சுபவர் கருவிளக்கைப் பார்த்து அஞ்சுவதைவிட, பகல் வெயிலில் தொப்பியோ குடையோ எடுத்துச் செல்வது மிகுந்த பயன் தரும்.

எல்லாக் காப்பையும் மீறி விழாவுக்குப் பிறகு கண் வலித்தால் செய்யவேண்டியது யாது? பட்டறைகளில் வெல்டிங் வேலை செய்பவர்கள் இந்த நோயை நன்றாக அறிவார்கள்; கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டாற் போல இருக்கிறது என்பது அவர்கள் வாக்கு. கருவிழியின் மேற்றோல் கிரணத்தால் உதிர்ந்து நரம்பு முனைகள் வெளியே தெரிவதால் வரும் வேதனை அது. நீர் வடியும், வெளிச்சம் பொறுக்காது, இமை வீங்கும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் மேற்றோல் புதிதாக வளர்ந்து குணமாகிவிடும். கண்ணைக் கசக்கலாகாது, ஒட்டுக் கண்ணாடி அணிந்திருந்தால் கையைக் கழுவிக்கொண்டு எடுத்துவிட வேண்டும், இருட்டறையில் மூடிய இமையின்மேல் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொள்வதும் நம் வீடுகளில் அன்போடு செய்கிற வழக்கங்கள். ஆயினும் தோலுரிந்த புண்ணின்மேல் எதையும் விடுவது கிருமிக்கு வழி திறந்துவிடுவதாகும் என்பதால், இந்த ஒரு நோயில் அவற்றைத் தவிர்க்கும்படி வேண்டுகிறேன். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைச் சிநேகிதர் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளவே வேண்டாம். வைத்தியர் பரிசோதிக்கும்போது ஒருமுறை விடுவது வேறு. வீட்டில் வலி தோன்றுந்தோறும் விடுவது மேற்றோல் வளர்வதையே தடுத்து, மூன்று நாளில் ஆறவேண்டிய புண்ணை நிலையான வடுவாக்கிவிடும்.

கண் வைத்தியரிடம் அன்றே போய்விடுவது நல்லது; பார்வை மங்கினாலும், இரண்டு நாளில் வலி தணியாவிட்டாலும் கட்டாயம் போகவேண்டும். போகும்போது, விழாவில் எரிந்த குழாயின் முனையிலுள்ள எழுத்துகளையும் எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியோ படம் பிடித்தோ எடுத்துச் செல்லுங்கள். பட்டது எந்தக் கிரணம் என்று வைத்தியர் அதைக்கொண்டு உடனே அறிவார். பந்தல்காரரும் அந்தக் குறியைப் பார்த்துத் தம் வண்டியில் உள்ள அதே குழாய்களை மறுநாள் விழாவுக்குக் கொண்டுபோகாமல் இறக்கி வைப்பார்.